துளையும் காலும்

ஓர் அங்குலத்தின் பத்திலொரு பங்கு என்பது நெல்மணியொன்றின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமமான நீளமாகும். இலத்திரனியற் சுற்றுக்களைப் பரீட்சித்துப் பார்க்கும் மாணவரும் பொழுதுபோக்காளரும் தம் மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் வெண்ணிறத் துளைப்பலகையில், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையிலுள்ள தூரம் இதுவே. 1959இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் சில ஓர் அங்குலத்தை 25.4 மில்லிமீற்றர் என வரையறுத்துக்கொண்டமையால், அத்தூரம் சரியாக 2.54 மில்லிமீற்றர் ஆகின்றது. இவ்வெண்ணை அறியாத இலத்திரனியல் மாணவன் இலன் எனலாம். ஆயினும், அவ்வெண்ணுக்குக் கட்டுப்படாத கால்களையுடைய உறுப்பொன்று கைக்கு வந்து சேரும்வரை, அதன் அதிகாரம் எத்தகையதென்பதை எவனும் உணர்வதில்லை.

வலிகாமத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த பொறியியல் மாணவன் ஒருவன் அதனை உணர்ந்தது 2022ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு பங்குனி மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. சித்திரையில் அந்நேரம் குறைந்ததெனினும் மின்வெட்டு நின்றுவிடவில்லை. அவனுடைய தகப்பனார் வெங்காயம் செய்பவர். ஆறுகளற்ற அக்குடாநாட்டில் சுண்ணக்கற்பாறைக்குள் தங்கும் மழைநீரே கிணற்று நீர். கிணற்று நீரே பயிர். மின்சாரம் வந்தவுடன் இறைப்புத் தொடங்கட்டும் என்ற எண்ணத்துடன் அவர் மோட்டரின் ஆளியை மூடாமலே படுக்கச் செல்வார். நள்ளிரவில் மின்சாரம் வரும். மோட்டர் தானே இயங்கும். கிணற்றடியில் எவரும் இரார். கோடைக் கிணறு ஒன்றரை மணி நேர இறைப்பைத் தாங்காது. நீர்மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டர் காற்றையே இழுத்துச் சூடேறும். அயற்காணியொன்றில் அவ்வாறு எரிந்த மோட்டருக்குச் சுருள் சுற்றுவதற்குரிய செப்புக் கம்பியின் விலையைக் கேட்டபின், தகப்பனாருக்கு உறக்கம் குறைந்தது.

புத்தாண்டு விடுமுறைக்கு வீடு வந்திருந்த மகன், அதற்கொரு கருவி செய்து தருவதாகச் சொன்னான். கருவி எளியதே. கிணற்றின் மேலிருந்து நீர்மட்டத்தை அளக்கும் கழியொலி உணரி ஒன்று. அவ்வளவீட்டைப் படிக்கும் நுண்கட்டுப்படுத்தி ஒன்று. நீர் இறங்கியதும் மோட்டரைத் துண்டிக்குமாறு கட்டளையிடும் சிறு றிலே ஒன்று. மோட்டருக்குரிய 230 வோல்ற்று மின்சாரம் துளைப்பலகையின் அருகேயும் வரலாகாது. அதனை வேறொரு பெட்டியினுள் பெரிய கொன்டக்டர் ஒன்று கவனித்துக்கொள்ளும். அப்பெட்டியை ஊரிலுள்ள மின்வினைஞரே பொருத்தித் தருவார் என்பது ஏற்பாடு. மகனுக்கு எஞ்சியது 5 வோல்ற்று வேலை மாத்திரமே. இரண்டு மாலைப்பொழுதுகள் போதுமென்று அவன் எண்ணினான். பன்னிரண்டு நாட்கள் சென்றன. அவற்றுள் நிரல் எழுதுவதற்குச் சென்றவை இரண்டு. ஏனையவை கால்களுக்கும் துளைகளுக்கும் இடையிலான வழக்கிலே கழிந்தன.

துளைப்பலகையின் பூர்வீகம் சமையலறையிலாகும். வானொலியின் ஆரம்ப காலத்தில் பொழுதுபோக்காளர் தம் சுற்றுக்களை, பாண் வெட்டும் மரப்பலகையில் ஆணியறைந்து அமைத்தனர். பிறெட்போட் என்ற பெயர் அவ்வாறு வந்ததே. இன்று வழங்கும் நெகிழிப் பலகையை, அமெரிக்காவின் ஈ அன்ட் எல் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த றொனால்ட் போர்ச்சுகல் 1971இல் வடிவமைத்தார். அவர் எதனைப் பொருத்துவதற்காக அதனை வடிவமைத்தார் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1964இல் ஃபெயார்சைல்ட் நிறுவனத்தில் பிறயன்ற் றொஜேர்ஸ் என்பவர் ஒருங்கிணைந்த சுற்றுக்களுக்கென இருவரிசைக் கால்களைக் கொண்ட கூடொன்றை அமைத்திருந்தார். அக்கூட்டின் கால்கள் பத்திலொரு அங்குல இடைவெளியில் நிற்பவை. சிறு கூடுகளில் இரு வரிசைகளுக்கும் இடையிலான தூரம் பத்தில் மூன்று அங்குலம். துளைப்பலகையின் நடுவே ஓடும் வாய்க்காலின் இரு கரைத் துளைகளுக்கும் இடையிலான தூரமும் அதுவே. கூடு வாய்க்காலின்மேற் பாலம்போல் நிற்க, ஒவ்வொரு காலுக்கும் அருகே நான்கு துளைகள் வெறுமையாய் எஞ்சும். ஒரே நிரலிலுள்ள ஐந்து துளைகளும் உள்ளே ஓர் உலோகக் கவ்வியால் இணைக்கப்பட்டிருப்பதனால், அந்நான்கில் எதிற் கம்பியைச் செருகினாலும் அக்காலையே சென்றடையும். மிக அழகிய ஏற்பாடு. ஆனால் அது 1964இன் கூட்டுக்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு. பின்னாளில் அக்கூடு அருகி, பலகை நிலைத்துவிட்டது. இன்றைய சில்லுகளுட் பலவற்றின் கால்கள் 1.27 மில்லிமீற்றர் இடைவெளியிலோ அதனினும் நெருக்கமாகவோ நிற்பவை. சிலவற்றுக்குக் கால்களே இல்லை. அவற்றை இணைப்புப் பலகையொன்றில் ஈயத்தாற் பற்றவைத்து, அதன் கால்களைக்கொண்டே துளைப்பலகையில் ஏற்றவேண்டியுள்ளது.

அம்மாணவனிடம் இருந்த நுண்கட்டுப்படுத்தி, நோட்எம்சியூ என்னும் சிறுபலகையின் மூன்றாம் பதிப்பென விற்கப்படும் அகன்ற வகையைச் சேர்ந்தது. அதன் கால்கள் பத்திலொரு அங்குல ஒழுங்கை மீறுபவை அல்ல. அதனைத் துளைப்பலகையில் வைத்து அழுத்தியபோது முப்பது கால்களும் ஒருங்கே இறங்கின. பின்னரே அவன் சங்கதியைக் கண்டான். அதன் இரு வரிசைகளுக்கும் இடையிலான தூரம் 1.1 அங்குலம். துளைப்பலகையின் இடக்கோடித் துளைக்கும் வலக்கோடித் துளைக்கும் இடையிலான தூரமும் 1.1 அங்குலமே. கால்கள் இரு கோடிகளிலும் அமர, நடுவிலுள்ள எட்டுத் துளைகளையும் சிறுபலகையின் உடல் மூடிக்கொண்டது. ஒரு கம்பியைச் செருகுதற்கும் இடமில்லை. அறை முழுவதையும் அடைக்கும் கட்டிலை உள்ளே இறக்கிவிட்டு, கதவருகில் நின்று பார்ப்பவனின் நிலை அவனுக்கு ஏற்பட்டது. இதே சிறுபலகையின் முந்திய பதிப்பு 0.9 அங்குல அகலமே உடையது. இரு புறமும் ஒவ்வொரு துளையை விட்டுவைக்கும் பெருந்தன்மை அதற்கு உண்டு. ஆனால் பொருள்களின் இறக்குமதி சுருங்கியிருந்த அந்நாட்களில், பதிப்பைத் தெரிந்து வாங்கும் வசதி எவருக்கும் இருக்கவில்லை. கடையிற் கிடைத்ததே பதிப்பு.

இதற்கு வழக்கமான பரிகாரம் இரண்டு துளைப்பலகைகளை அருகருகே வைப்பதாகும். ஒரு வரிசைக் கால்கள் ஒன்றிலும் மற்றைய வரிசை மற்றொன்றிலும் நிற்க, இரு புறமும் துளைகள் தாராளமாய் எஞ்சும். இப்பலகைகளின் ஓரங்களில் ஒன்றோடொன்று கொழுவத்தக்க பற்கள் உண்டு. அவற்றை நம்பிக் கொழுவினால் இரு பலகைகளுக்கும் இடையிலான தூரம் துளைக் கணக்கில் வருமென்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. அவனுடைய இரண்டும் வெவ்வேறு தயாரிப்புக்கள். பற்களும் ஒன்றையொன்று ஏற்கவில்லை. எனவே அவன் முறையைத் தலைகீழாக்கினான். முதலில் நுண்கட்டுப்படுத்தியின் கால்களை இரு பலகைகளிலும் செருகி, அதனையே அளவுகோலாகக் கொண்டு பலகைகள் தாமாக நிற்குமிடத்தில் நிற்க விட்டான். அதன் பின்னர் அவற்றின் அடியிலுள்ள ஒட்டுத்தாளை உரித்து, கீழே ஒரு மரத்துண்டில் ஒட்டினான். வீட்டில் அந்நேரம் அகப்பட்ட மரத்துண்டு, தாயாரின் மரக்கறி வெட்டும் பலகை. "உதை ஏன் ராசா எடுத்தனீ? நான் இனி எதிலை வெட்டுறது?" என்று அவர் கேட்டதற்கு மறுமொழி எதுவும் இருக்கவில்லை. வானொலிக் காலத்துப் பலகை ஒரு நூற்றாண்டின் பின் தன் பழைய இடத்துக்கே மீண்டுவிட்டதென்பதை அவரிடம் விளக்கிப் பயனில்லை.

அடுத்த வழக்கு றிலேயுடையது. கடைகளில் எங்கும் காணப்படும் அச்சிறு நீலப் பெட்டிக்கு ஐந்து கால்கள் உண்டு. சுருளுக்குரிய இரண்டும் 12 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்பவை. துளைப்பலகையில் ஐந்து துளைத் தூரம் 12.7 மில்லிமீற்றர். முக்கால் மில்லிமீற்றருக்கும் குறைந்த இவ்வேறுபாட்டைக் கம்பிக் காலாயின் சற்றே வளைத்துச் சமாளிக்கலாம். றிலேயின் கால்களோ தடித்த தகடுகள். அவற்றை வளைக்க முற்படுவோன் பெட்டியின் அடியையே பிளப்பான். இங்கு மாணவன் தவறிழைக்கவில்லை. ஒவ்வொரு காலிலும் ஒரு விரற்கடை நீளமுள்ள மெல்லிய கம்பியை ஈயத்தாற் பற்றவைத்து, றிலேயைப் பலகைக்கு வெளியே கிடத்தி, கம்பிகளை மாத்திரம் உள்ளே அனுப்பினான். பார்வைக்கு அழகற்றதெனினும் அது நேர்மையான தீர்வு.

திருகாணி முனையங்களின் கதை இதனினும் நுண்ணியது. கடையில் ஒரே பெட்டியினுள் இருவகை முனையங்கள் கலந்து கிடந்தன. ஒன்றின் கால் இடைவெளி 5.08 மில்லிமீற்றர், அதாவது இரண்டு துளைத் தூரம். மற்றையதன் இடைவெளி 5 மில்லிமீற்றர். நிறம், உயரம், திருகாணி யாவும் ஒன்றே. அவன் வாங்கிய எட்டுக்கால் முனையத்தின் முதல் இரு கால்களும் இனிதே இறங்கின. நான்காம் கால் உராய்ந்தது. எட்டாம் கால் துளையின் விளிம்பில் ஏறி நின்றது. கால் ஒன்றுக்கு 0.08 மில்லிமீற்றர் என்பது கண்ணுக்குப் புலப்படாத பிழை. ஏழு இடைவெளிகளில் அது 0.56 மில்லிமீற்றர் ஆகிவிடுகின்றது. அங்குலத்தில் எண்ணும் உலகமும் மீற்றரில் எண்ணும் உலகமும் இரு கால் வரையிற் சமாதானமாய் வாழ்கின்றன போலும். அவன் முனையத்தை வாளால் இரண்டிரண்டு கால்களாக அறுத்தெடுத்தான்.

இத்தகைய பொருந்தாமைகளைக் குறைந்த விலைப் பொருள்களின் குறையென்று ஒதுக்கிவிட முடியாது. 2005இல் இத்தாலியின் இவ்றேயா நகரிலே தோன்றி உலகெங்கும் மாணவரிடையே பரவிய ஆர்டுயினோ பலகையில், ஏழாம் இலக்கக் காலுக்கும் எட்டாம் இலக்கக் காலுக்கும் இடையிலான தூரம் 0.16 அங்குலம். ஏனைய கால்கள் யாவும் 0.1 அங்குல ஒழுங்கில் நிற்க, அவ்வொரு இடைவெளி மாத்திரம் எந்தத் துளைக் கணக்குக்கும் அடங்காது. அதன்மேல் ஏற்றவென விற்கப்படும் துணைப்பலகைகள் யாவும் அவ்விடைவெளியை ஏற்றே அமைந்துவிட்டமையால் இன்று அதனைத் திருத்துதல் இயலாது. திருத்தினால் பழையவை எவையும் புதியதில் ஏறா. சாதாரண துளைப்பலகைத் துண்டொன்றை அதன்மேல் ஏற்ற முயலும் ஒவ்வொரு மாணவனும் ஒருவரிசைக் கால்களைக் குறட்டாற் பிடித்து இருமுறை வளைக்க வேண்டியவனாகின்றான்.

இனி இருவாயியின் கதை. றிலேயின் சுருளில் மின்னோட்டம் நிற்கும் கணத்தில் எழும் எதிர்மின்னழுத்தம் திரான்சிற்றரை அழிக்காதிருக்க, சுருளுக்குக் குறுக்கே ஓர் இருவாயி வேண்டும். மெல்லிய கால்களையுடைய வகை அன்று கடையில் இருக்கவில்லை. கழித்துவிடப்பட்ட கணினியொன்றின் மின்வழங்கியைப் பிரித்து அதிலிருந்து ஒன்றை எடுத்தான். அதன் கால்கள் ஒரு மில்லிமீற்றரினும் தடித்தவை. துளைப்பலகையின் கவ்விகளோ 0.8 மில்லிமீற்றர் அளவான கம்பிக்கு மேல் விரும்பி ஏற்பதில்லை. விரலால் அழுத்தினான், இறங்கவில்லை. இரவு பதினொரு மணி. குறட்டாற் பிடித்து அழுத்தினான். மெல்லிய நெரிவொலியுடன் அது உள்ளே சென்றது. றிலே சொடுக்கியது; விளக்கு எரிந்தது; யாவும் இயங்கின.

மறுநாள் நண்பன் ஒருவன் சரியான இருவாயியொன்றைக் கொண்டுவர, தடித்ததைப் பிடுங்கி எறிந்து அதனை வேறிடத்தில் அமைத்தான். துளை வெறுமையாயிற்று. அத்துளையினுள் இருந்த கவ்வியின் இரு இதழ்களும் விரிந்தவை விரிந்தபடியே நின்றன. அதனை மேலிருந்து காண இயலாது. வெண்ணிற நெகிழியின் மேற்பரப்பில் எல்லாத் துளைகளும் ஒரே சதுரமாகவே தோற்றும். இரண்டு நாட்களின் பின், கம்பிகளின் நெரிசலைக் குறைப்பதற்காகச் சுற்றின் ஒரு பகுதியை அவன் இடம் மாற்றியபோது, உணரியிலிருந்து எதிரொலிச் செய்தியைக் கொண்டுவரும் மெல்லிய கம்பி அந்தத் துளைக்கே வந்து சேர்ந்தது. கம்பி நின்றது. மேசைமீது அளவீடுகள் பிழையின்றி வந்தன.

கருவியைக் கிணற்றடிக் கொட்டிலில் வைத்து மூன்றாம் இரவு. ஒரு மணியளவில் மின்சாரம் மீண்டது. மோட்டர் இயங்கத் தொடங்கியது. அதன் அதிர்வு கொட்டிலின் தட்டிலும், தட்டிலிருந்து மரக்கறிப் பலகையிலும் பரவியது. விரிந்த கவ்வியினுள் நின்ற கம்பி தொடுகையை இழந்தது. எதிரொலி வந்து சேராதபோது நிரல் தரும் அளவீடு பூச்சியம். பூச்சியம் என்பதற்கு அவன் எழுதியிருந்த பொருள் யாதெனின், நீர் உணரிக்கு மிக அண்மையில் உள்ளது என்பதே. அதாவது கிணறு நிரம்பி வழிகின்றது என்று கருவி முடிவு செய்தது. நீர் இறங்க இறங்க, நிரம்பிய கிணறொன்றுக்குரிய நிதானத்துடன் அது மோட்டரை ஓடவிட்டது.

மோட்டரைக் காத்தது தகப்பனாரின் காது. நாற்பது ஆண்டுகளாக இறைப்பின் ஒலியோடு உறங்கிப் பழகியவருக்கு, நீரை இழுக்கும் ஒலி காற்றை இழுக்கும் ஒலியாக மாறியது உறக்கத்திலேயே கேட்டுவிட்டது. மகன் எழுந்து ஓடியபோது அவர் ஆளியை மூடிவிட்டு மோட்டரின்மேற் கையை வைத்தபடி நின்றார். கை சுடவில்லை என்று சொன்னார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் மகனுக்கு எளிதாயிருந்திருக்கும்.

விடியும்வரை அவன் நிரலைப் படித்தான். நிரலில் ஒரு பிழை இருந்தது. பூச்சியத்தை நீரென்று கொள்ளும் பிழை. அதனைத் திருத்தினான்: எதிரொலி வராவிடின் மோட்டரை நிறுத்துக. ஆயினும் எதிரொலி ஏன் வரவில்லை என்பதற்கு நிரலில் விடை இல்லை. மின்னழுத்தத்தை அளந்தான், உணரியை மாற்றினான், கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். ஒரு கம்பி, பிடித்து இழுக்காமலே, விரலோடு மேலே வந்தது. அருகே நின்று தேநீர் அருந்திக்கொண்டிருந்த தகப்பனார் குனிந்து அத்துளையைப் பார்த்தார்.

"உதுக்குள்ளை முந்தி என்ன நிண்டது தம்பி?"

மகன் இருவாயியைப் பற்றிச் சொன்னான்.

"பெரிய கட்டையை அறைஞ்சு இழுத்த குழியிலை பிறகு சின்னக் கட்டை நிக்குமே?" என்றார். வேலிக்குக் கதியால் போடுபவர் வேறெதனை உவமையாகக் கொள்வார்.

அன்று மாலையே அவன் பட்டினம் சென்று, கடைக்காரர் டொட் போட் என்றழைக்கும், ஈயத்தாற் பற்றவைத்தற்குரிய துளைத்தகடொன்றை வாங்கி வந்தான். அதுவும் 2.54 மில்லிமீற்றர் உலகத்தைச் சேர்ந்ததே; றிலே அதிலும் நேரே இறங்காது. ஆனால் இத்தகட்டின் துளைக்குள் நெகிழக்கூடிய கவ்வி எதுவும் இல்லை. ஆகவே வெட்டுதற்கும் குடைதற்கும் தடையில்லை. கைத்துரப்பணத்தால் சுருள் கால்களுக்குரிய துளைகளை உட்புறமாகக் குடைந்து நீட்டி, அங்கிருந்த செப்பு வளையங்கள் உரிந்துபோனமையால் கால்களைக் கம்பியாற் சுற்றி அயற் துளைகளோடு இணைத்தான். நுண்கட்டுப்படுத்தியை நேரே பற்றவைக்காமல், அதன் கால்களுக்கு இருவரிசைப் பெண்முனைகளை வைத்து அதில் ஏற்றினான். அகன்ற பதிப்பு இங்கு எவருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. றிலே சற்றே சாய்ந்து நிற்கின்றது. மரக்கறிப் பலகை, ஒட்டுத்தாளின் பிசினை மண்ணெண்ணெயால் துடைத்தபின், தாயாரிடம் மீண்டது. அவர் அதனைத் திரும்பப் பாவிக்கவில்லை, மணம் போகவில்லையாம்.

அவ்வாண்டு வெங்காயம் கிண்டும்வரை கருவி கொட்டிலிலே இருந்தது. தகப்பனார் அதன்பின்னும் சில இரவுகள் எழுந்து சென்று பார்த்துவிட்டே வந்தார், பின்னர் எழவில்லை. பழுதான துளைப்பலகையை எறிந்துவிட மகனுக்கு மனம் வரவில்லை. 830 துளைகளுள் பழுதானவை இரண்டே. தங்கையின் நகப்பூச்சுப் போத்தலை வாங்கி, அவ்விரு துளைகளிலும் ஒவ்வொரு துளி விட்டு அடைத்தான். அப்பலகை விடுமுறை முடிந்து அவனுடன் விடுதிக்குச் சென்று, பின்னர் கனிஷ்ட மாணவன் ஒருவனின் கைக்கு மாறியது. அம்மாணவன் அதைப் பெற்றுக்கொண்டபோது முதலிற் கேட்டது, அந்தச் சிவப்புப் புள்ளிகள் இரண்டும் எதற்கு என்பதே.